விழுகிற புல்லுக்கு யார் பொறுப்பு?

ஓதிக் கொடுப்பதையும் குத்பா சொல்வதையும் தொழிலாகக் கொண்ட ஒரு மௌலவி, புல் வெட்டும் மெஷினைப் பற்றி எழுத வந்திருப்பதைப் பார்த்து வாசக சகோதரிகள் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டுப் படியுங்கள். ஏழு வருடம் அறபுக் கல்லூரியில் ஓதியும் நான் கற்றுக்கொள்ளாத பாடம் ஒன்றை அந்த மெஷின் மூலமாகக் கற்றேன். கற்பித்தவர்கள் இருவர். ஒருவர் என் மனைவி. மற்றவர் லயத்தில் வாழும் ஒரு வயதான தாய்.

நான் கற்பிக்கும் மத்ரஸா கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் இருக்கிறது. இறப்பரும் தேயிலையும் மாறி மாறி வரும் மலைச்சரிவு. மேலே மத்ரஸாக் கட்டடம். அதற்கு முன்னால் பிள்ளைகள் அஸருக்குப் பின் விளையாடும் மைதானம். மைதானத்தின் கீழ் ஓரம் சரிந்து போய் ஒரு கானில் முடியும். கானுக்கு அப்பால் தோட்ட லயம். எங்கள் பக்கத்து மழையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று வெட்டிய புல் பத்து நாளில் மறுபடி கணுக்காலைத் தொடும்.

அந்தப் புல்லை முன்பெல்லாம் வெட்டியவர் நான் சொன்ன அந்தத் தாய்தான். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இரண்டு பசு வைத்திருந்தார். கிழமைக்கு மூன்று நாள் அரிவாளோடு வருவார். தலையில் பெரிய புல்லுக்கட்டோடு போவார். நாங்கள் கூலி கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை. மைதானம் சுத்தமாக இருந்தது. அவருடைய மாடுகள் வயிறு நிறைந்தன. எங்கள் வீட்டுக்கும் இன்னும் நாலைந்து வீடுகளுக்கும் காலையில் பால் வந்தது. யாரும் எழுதி வைக்காத ஒப்பந்தம். ஆகவே அப்படி ஒன்று இருப்பதே என் கண்ணுக்குத் தெரியவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா வந்து மத்ரஸாவை மூடினோம். பிள்ளைகளின் கால் படாத மைதானத்தில் புல் முழங்காலுக்கு ஏறியது. இரண்டு மாடு தின்று தீருகிற அளவில் அது இல்லை. கட்டாரில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, "ஹஸ்ரத், நான் ஒரு மெஷின் எடுத்துத் தாறன்" என்றார். 2021 தொடக்கத்தில் கொழும்பிலிருந்து லொறியில் அது வந்து இறங்கியது. சிறிய ட்ரக்டர் போல, ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி. பாவித்த மெஷின்தான். ஆனாலும் எங்கள் ஊருக்கு அது அதிசயம். பிள்ளைகள் இல்லாத மைதானத்தில் ஊரே கூடி நின்று பார்த்தது.

வயிற்றுக்கு அடியில் இரும்பு மூடி ஒன்று. அதற்குள் இரண்டு கத்திகள் சுழலும். வெட்டுப்பட்ட புல் வலப்பக்க வாயால் வெளியே சீறும். இரண்டு நாள் வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. அல்ஹம்து லில்லாஹ் என்று சொல்லி, மாணவருக்கு நீண்ட நன்றிக் கடிதம் எழுதினேன். அந்த மெஷினோடு மாட்டவேண்டிய புல் ஏந்தும் பை ஒன்று உண்டென்றும், அது எங்களுக்கு வந்த மெஷினில் இல்லையென்றும் அப்போது எனக்குத் தெரியாது.

மெஷின் துண்டு துண்டாக்கி வீசிய புல்லை அரிவாளால் கட்ட முடியாது. அது மண்ணோடும் மணலோடும் கலந்து கிடந்தது. அந்தத் தாய் ஒரு நாள் வந்து குனிந்து பார்த்தார். கையில் கொஞ்சம் அள்ளி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் போய்விட்டார். நான் அலுவலக ஜன்னலிலிருந்து அதைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து என் மனைவி கேட்டார்: "அந்த அம்மா பால் கொண்டு வரல்ல. ஏன்டு விசாரிச்சீங்களா?"

"மழை காலம்தானே, வருவாங்க" என்றேன்.

"மழையில்லை. மெஷின் வெட்டுற புல்லை யாரு அள்ளுறது? நான் வீட்டைக் கூட்டி, குப்பையைப் பக்கத்து வீட்டு வாசல்ல குவிச்சு வச்சிட்டு, 'என் வீடு சுத்தம்' என்டு சொன்னா நீங்க ஒத்துக்கொள்ளுவீங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அன்பளிப்பாக வந்த பொருளைக் குறை சொல்வதா என்று ஏதோ பேசி முடித்துவிட்டேன்.

பதில் 2021 ஜூன் முதல் வாரத்தில் மழையாக வந்தது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களை வெள்ளமும் மண்சரிவும் கலங்கடித்த நாட்கள் அவை. கிழமைக்கணக்காக மைதானத்தில் கிடந்த வெட்டுப்புல் முழுவதும் அடித்துக்கொண்டு போய்க் கானில் அடைத்தது. ஊறிய புல் பாய் போலப் படிந்து தண்ணீரை மறித்தது. கான் நிரம்பி, லயத்தின் கடைசி இரண்டு அறைகளுக்குள் சேற்றுத் தண்ணீர் புகுந்தது. அல்லாஹ்வின் கிருபையால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. 2016 மே மாதம் இதே மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களையே மூடியதை நாம் மறக்கவில்லை. அது பெரும் மழையின் வேலை. ஆனாலும் சரிவான நிலத்தில் தண்ணீர் போகும் வழியை அடைப்பது எவ்வளவு பொல்லாதது என்பது மலையில் வாழும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அடைபட்ட கானில் நுளம்பு பெருகும். அழுகும் புல் குவியலில் எலி குடியேறும். எலிக்காய்ச்சலும் டெங்குவும் எங்கள் மாவட்டங்களுக்குப் புதியவை அல்ல.

மழை விட்ட அன்று நானும் இரண்டு உஸ்தாத்மாரும் மண்வெட்டியோடு கானில் இறங்கினோம். காலெல்லாம் அட்டை. பிள்ளைகளுக்கு, வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதன் சிறப்பை வருடம் தவறாமல் பாடம் நடத்துகிற நான், பிறர் வழியில் என் கையாலேயே முள்ளைக் கொட்டியிருக்கிறேன் என்று அங்கே உறைத்தது. லயத்துப் பெண்கள் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஏசவில்லை. கொழுந்து பறிக்கும் இளம்பெண் ஒருத்தி மட்டும் கேட்டாள்: "ஐயா, எங்க கொழுந்து வெட்டுற கத்தரிக்கே தட்டு கட்டியிருக்கே. அம்மாம் பெரிய மெஷினுக்கு ஒண்ணும் கட்டலையா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் தேட ஆரம்பித்தேன். அவள் சொன்னது உண்மைதான். கையால் கிள்ளும் இடத்தில் கத்தரியால் கொழுந்து வெட்டும் தோட்டங்களில், வெட்டிய கொழுந்து செடிக்குள் விழாமல் அந்தக் கத்தரியோடு சேர்ந்த தட்டில் சேரும். இருவர் தூக்கிச் செல்லும் கொழுந்து மெஷினிலோ காற்று ஊதி, கொழுந்தைப் பின்னால் இழுபடும் நீண்ட பைக்குள் தள்ளும். கொழுந்து காசு. ஆகவே அதை ஏந்த எல்லோருக்கும் நினைவு வருகிறது. புல் காசில்லை என்று நினைத்தோம். ஏந்த மறந்தோம்.

இன்னொன்றும் தெரிந்தது. புல்வெட்டும் இயந்திரத்தை முதலில் செய்தவர் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங். காப்புரிமை பெற்றது 1830இல். கம்பளித் துணி ஆலையில், துணியின் மேல் எழும் பிசிரைச் சீராகக் கத்தரிக்கும் இயந்திரத்தைப் பார்த்து, இதையே புல்லுக்குச் செய்தால் என்ன என்று யோசித்தவர். அவர் செய்த அந்த முதல் இயந்திரத்திலேயே, வெட்டிய புல் முன்னால் ஒரு தட்டில் போய் விழ ஏற்பாடு இருந்தது. வெட்டுவதை யோசித்தபோதே ஏந்துவதையும் யோசித்திருக்கிறார்!

இதற்கிடையில் அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். போவதற்கு நான் எடுத்துக்கொண்ட காலத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வருடக் கடைசியில்தான் போனேன். தொழுவத்தில் ஒரு பசுதான் நின்றது. மற்றதை விற்றுவிட்டார்.

"புல்லுக்கு மேட்டுப்பக்கம் ரெண்டு மைல் நடக்கணும் ஐயா. முழங்கால் விடல. ஒண்ணைக் குடுத்துட்டேன்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போனார். "ஐயோ, ஒங்க நெலம், ஒங்க புல்லு. நான் என்ன கேக்க? முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற எடம் பாத்திருப்பேன். அவ்வளவுதான்."

அந்த ஒரு வார்த்தை! கட்டாருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதியவன், கானுக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்து வந்தது 2022. அந்த வருடத்தை இலங்கையில் எந்தக் குடும்பத் தலைவியும் மறக்க மாட்டார். பால்மா இல்லை, காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. மைல்கணக்கில் வரிசை. மோட்டார் சைக்கிளுக்கே எரிபொருள் கிடைக்காதபோது புல்வெட்டிக்கு எங்கே போவது? மெஷின் மாதக்கணக்காகக் கொட்டகையில் நின்றது. புல் மறுபடி முழங்காலுக்கு ஏறியது. பால்மா தேடிக் கடை கடையாக அலைந்த என் மனைவி, விற்றுப்போன அந்தப் பசுவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். மிஞ்சியிருந்த ஒற்றைப் பசுவின் பாலில் எங்களுக்கும் அரைப்போத்தல் ஒதுக்கித் தந்தவர் அதே தாய்தான்.

நிலைமை சற்றுச் சீரான பின், 2023இல், மெஷினுக்குரிய பையைத் தேடி வாங்கினோம். எல்லாப் பையும் எல்லா மெஷினுக்கும் பொருந்தாது. மெஷினின் மாதிரி இலக்கத்தையும், கத்தி மூடியின் அகலத்தையும் குறித்துக்கொண்டு போகவேண்டும். வந்த பொருளில் மூன்று பாகம். பின்புறச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கும் இரும்புத் தாங்கி ஒன்று. அதில் தொங்கும் இரண்டு பைகளும் அவற்றின் மேல் மூடியும். வலப்பக்க வாயிலிருந்து பின்னால் ஏறி அந்த மூடிக்குள் நுழையும் ஒரு பெரிய குழாய். பிள்ளைகள் அதற்குத் 'தும்பிக்கை' என்று பெயர் வைத்தார்கள்.

மாட்டும் முறை கஷ்டமல்ல. சமநிலத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, என்ஜின் பிளக்கின் வயரையும் கழற்றிவிட்ட பிறகே கை வைக்கவேண்டும். புல் வெளியேறும் வாயின் தடுப்புத் தகட்டைத் தூக்கி, தும்பிக்கையின் அடிவாயை அதில் பொருத்தி, கொக்கி இறுகப் பூட்டியதா என்று இழுத்துப் பார்க்கவேண்டும். எங்கள் அவசரத்தில் முதல் நாள் கொக்கி சரியாகப் பூட்டவில்லை. பாதிப் புல் பைக்குள்ளும் மீதி ஓட்டுனரின் முதுகிலுமாகப் போனது. பையைக் கழற்றினால் அந்தத் தடுப்புத் தகட்டைத் திரும்பவும் கீழே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கத்தியில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டு போலப் பாயும்.

புல்லை மேலே ஏற்றுவது காற்று. கத்தியின் பின்விளிம்பு சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். அது விசிறி போல் காற்றை எழுப்பும். அந்தக் காற்று புல்லைத் தும்பிக்கை வழியாகப் பைக்குக் கொண்டு போய், பையின் வலைக்கண் வழியாக வெளியேறும். வலைக்கண் தூசியால் அடைபட்டாலும், புல் ஈரமாக இருந்தாலும் தும்பிக்கை அடைத்துக்கொள்ளும். ஆகவே பனி காய்ந்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல்தான் வெட்டுகிறோம். உயர்ந்த புல்லை ஒரே தடவையில் ஒட்ட வெட்டுவதில்லை. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, இரண்டு நாள் கழித்து மறுபடி வெட்டுகிறோம். மெதுவாக ஓட்டுகிறோம். வேலை முடிந்ததும் பையைத் தட்டிக் காயவைத்து, கத்தி மூடியின் அடியில் ஒட்டியதையும், என்ஜினின் சூடான பாகங்களைச் சுற்றிய காய்ந்த புல்லையும் துடைக்கிறோம். காய்ந்த புல் சூட்டில் தீப்பிடிக்கும்.

ஒரு நாள் நடந்ததை மட்டும் இன்னும் நினைத்தால் உடல் நடுங்குகிறது. தும்பிக்கை அடைத்துக்கொண்டது. ஓட்டியவர் ஆசனத்தை விட்டு இறங்கினார். என்ஜின் நிற்கவில்லை. உதவிக்கு நின்ற பதினாறு வயது மாணவன், அடியில் அடைத்த புல்லைப் பிடுங்கக் கையை நீட்டிவிட்டான். நான் போட்ட சத்தத்தில் கை பின்வாங்கியது. ஒரு சாண் இடைவெளி. அல்லாஹ் காப்பாற்றினான்.

பிறகு ஊர் மெக்கானிக் வந்து பார்த்தபோது விஷயம் தெரிந்தது. இத்தகைய மெஷின்களில் ஓட்டுனர் எழுந்தால் என்ஜின் தானாக நிற்பதற்கு ஆசனத்துக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. முன்பு வைத்திருந்த யாரோ, அடிக்கடி நிற்கிறதே என்று அந்த வயரை முடிச்சுப் போட்டு வேலை செய்யாமல் ஆக்கியிருக்கிறார். அதைச் சரி செய்த பிறகே மெஷினை மறுபடி எடுத்தோம். நிறுத்திய பின்னும் கத்தி சில விநாடி சுழலும். ஆகவே அடைப்பைக் கையால் எடுப்பதில்லை; தடியால்தான் எடுக்கிறோம். சகோதரிகளே, வீட்டில் கிரைண்டரில் அடைத்த தேங்காய்ப்பூவை விரலால் தள்ளுமுன் சுவரிலுள்ள பிளக்கைக் கழற்றுங்கள். பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குங்கள். சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பை நிரம்பினால் பாரம் முழுவதும் பின்னால் இறங்கும். மேடு ஏறும்போது முன்சக்கரம் பிடி விடும். அதற்காக முன்னால் எடைக்கட்டி மாட்டுகிறார்கள். அப்படியும் பதினைந்து பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஏற்றாதீர்கள் என்பது இத்தகைய மெஷின்களின் கையேடுகளில் பொதுவாகக் காணும் எச்சரிக்கை. பை மாட்டியிருந்தால் அதைவிடவும் குறைவான சரிவே பாதுகாப்பு. சரிவில் குறுக்கே ஓட்டவே கூடாது. எங்கள் மைதானத்தின் கீழ் ஓரமோ நல்ல சரிவு.

"அப்படியென்டா அந்த ஓரத்தை யாரு வெட்டுறது?" என்று நிர்வாக சபைக் கூட்டத்தில் கேட்டார்கள். கேட்டவருக்குத் தெரியாது, அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று. சரிவு ஓரம் முழுவதும், அதோடு மையவாடிக்குப் போகும் பாதையின் இரு கரையும், அந்தத் தாயின் அரிவாளுக்கு என்று முடிவு செய்தோம். இம்முறை நானும் என் மனைவியும் நேரில் போய்ச் சொன்னோம்.

பையில் சேரும் புல்லையும் அவருக்கே கொடுக்கலாம் என்று நினைத்தோம். ஒரு சாக்கு கொண்டு போய்க் கொட்டினோம். பசு முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தத் தாய் சிரித்துவிட்டு, "குமிச்சு வச்சா கைய வச்சுப் பாருங்க, சுடும். இத மாட்டுக்குப் போடப்படாது" என்றார். சரிதான். பொடியாக வெட்டிய புல் சீக்கிரம் புளித்துச் சூடேறும். அதில் மணலும், சில வேளை பொலித்தீன் துண்டும் இருக்கும். மாட்டின் வயிற்றுக்கு அது கேடு. ஆகவே பைப் புல் எங்கள் பசளைக் குழிக்குப் போகிறது. புல் மட்டும் குவிந்தால் நாறும் என்பதால், காய்ந்த இறப்பர் இலையும் அவர் தரும் சாணமும் இடையிடையே போடுகிறோம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது பட்ட பாட்டுக்குப் பிறகு, வீட்டுப் பசளையின் அருமை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மத்ரஸாவின் மிளகுக் கொடிகளுக்கும், என் மனைவியின் கத்தரி மிளகாய்ச் செடிகளுக்கும் அதுதான் உணவு. மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரியில், சமநிலத்தில் சிறிதாக வெட்டும் புல்லை அப்படியே விட்டுவிடுகிறோம். அது மண்ணுக்கே உரம். மழை மாதங்களில் ஒரு பிடியும் கானுக்குப் போக விடுவதில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் விற்ற பசு விற்றதுதான். இருக்கும் பசு ஒரு கன்று போட்டிருக்கிறது. அந்தத் தாயின் முழங்கால் இன்னும் வலிக்கிறது. சரிவு ஓரத்தில் அவர் குனிந்து அரிவாள் வீசும்போது, நான் ஜன்னலிலிருந்து பார்ப்பதில்லை. இறங்கிப் போய் ஸுகம் விசாரிக்கிறேன்.

மெஷினின் மேல் குற்றமில்லை. அன்பளித்த மாணவரின் மேலும் இல்லை. அவருக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக. ஒரு நன்மை நம் வாசலுக்கு வரும்போது, இதுவரை இந்த வேலையைச் செய்தவர் யார், இனி அவர் என்ன செய்வார், இதிலிருந்து விழுவது யார் வாசலில் விழும் என்ற மூன்று கேள்விகளை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் வீட்டுக்காரி கேட்டார். நான் காது கொடுக்கவில்லை.

நேற்றும் வெள்ளி ஓய்வில் மெஷின் ஓடியது. பை நிறைந்தது. குழிக்கு அள்ளிக்கொண்டு போகையில் என் மனைவி வாசலில் நின்று கேட்டார்: "கானைப் பார்த்தீங்களா?"

பார்த்தேன். தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.